ஏலமலை எல்லை: கேட்கப்படாத வாக்கும் மறுபடி கேட்கும் கோரிக்கையும்

தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் எந்த மாநிலத்தைச் சேர வேண்டும் என்ற கேள்விக்கு 1956 நவம்பர் 1 அன்று சட்டம் விடை சொல்லிவிட்டது. அன்று பிறந்த கேரள மாநிலத்தில் அவை சேர்ந்தன. கேள்வி மட்டும் அதோடு அடங்கவில்லை. அவை அடங்கிய ஏலமலையின் கிழக்குச் சரிவில், போடிநாயக்கனூரிலும் கம்பத்திலும், அவ்வட்டங்களில் வாழும் மக்களின் விருப்பத்தை மறுபடி கேட்டறிய வேண்டும் என்ற குரல் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது எழுகிறது. முடிந்துபோன வழக்கைக் கிளறக் கூடாது என்ற பதில் மேற்குச் சரிவிலிருந்து வருகிறது. மறுபடி என்ற சொல்லை இரு தரப்பும் எடுத்துக்கொள்கின்றன. மக்கள் முன்பே ஒருமுறை தீர்ப்புச் சொன்னார்கள் என்பது இருவரின் நம்பிக்கையும். எது அந்தத் தீர்ப்பு, அதைச் சொன்ன மக்கள் யார் என்பதில்தான் பிணக்கு.

மலைக்கும் போடிக்கும் உள்ள உறவு எல்லைக்கோட்டை விடப் பழையது. போடியிலிருந்து புறப்படும் சாலை கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைகிறது. அங்கிருந்து பூப்பாறை, தேவிகுளம், மூணாறு என்று நீள்கிறது. ஏலக்காய் விளைவது மேலே. அதைத் தரம் பிரித்து விலை பேசும் வணிகம் பெருமளவு கீழே நடந்து வந்தது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலம் இன்றும் போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலுமாக இரண்டு இடங்களில் நடக்கிறது. மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் குரங்கணிப் பக்கம் இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் போனது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு வந்த இரயில் பாதைக்கும் இந்த மலைச்சரக்கே காரணம். விடியற்காலையில் போடி, தேவாரம் ஊர்களிலிருந்து ஜீப்புகளில் ஏறி, காய் எடுக்க மேலே போய், பொழுது சாயும்போது திரும்பும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எல்லை என்பது நாளுக்கு இருமுறை கடக்கும் சோதனைச் சாவடி.

திருவிதாங்கூர் ஆட்சியில் இந்த மலை வருவாய் தரும் காடாக இருந்தது. ஏலக்காயை அரசே தனியுரிமையாக வைத்திருந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவந்த தமிழ்க் குடியானவர்கள் அதைப் பயிரிட்டுக் கொடுத்தார்கள். 1877-இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலையைப் பெற்றார். பின்னால் தேயிலைத் தோட்டங்கள் பெருக, கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து குடும்பங்களை மலையேற்றினார்கள். 1886 அக்டோபர் 29 அன்று பெரியாற்று அணைக்காகத் திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. பொறியாளர் பென்னிகுக் கட்டிய அந்த முல்லைப் பெரியாறு அணை 1895-இல் நீரைக் கிழக்கே திருப்பியது. இப்படி நிலம் மேற்கு அரசினுடையதாகவும், உழைப்பும் நீரின் பயனும் கிழக்கு மக்களுடையதாகவும் அமைந்த ஒரு மலைமேல்தான் மொழிவழி மாநிலங்களின் கோடு போட வேண்டியிருந்தது.

அந்தக் கோட்டுக்கான போராட்டம் மலையில் தொடங்கவில்லை, நாகர்கோவிலில் தொடங்கியது. 1945-இல் அங்கே உருவான அமைப்பு திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸாக வளர்ந்தது. ஏ. நேசமணி அதன் தலைவரானார். தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றோடு தேவிகுளம், பீர்மேடு முதலிய தமிழர் வட்டங்களையும் தாய்த் தமிழகத்தோடு இணைக்கக் கேட்டது அந்தக் கட்சி. திருவிதாங்கூர்–கொச்சி சட்டமன்றத்துக்கு 1952-இல் நடந்த தேர்தலில் 8 இடங்களையும், 1954-இல் 12 இடங்களையும் வென்றது. தேவிகுளம் மலையிலும் அதன் கை ஓங்கியிருந்தது. கட்சி இந்த வெற்றிகளை மக்கள் வாக்கெடுப்பாகவே கொண்டது. எல்லையை முன்வைத்து நின்றோம், மக்கள் வாக்களித்தார்கள், இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்பது அதன் வாதம்.

1954 ஜூலையில் தோட்டத் தொழிலாளர்கள் மீது போலீஸ் கெடுபிடி மிகுந்தபோது, நேசமணி தடையை மீறி மூணாறு வந்து கைதானார். அதன் எதிரொலியாகத் தெற்கே எழுந்த கிளர்ச்சியில், ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் பலியாயின. அப்போதைய முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளை பிரஜா சோசலிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர். தம் கட்சியின் அரசே சுட்டதைப் பொறுக்காமல் அவர் பதவி விலக வேண்டும் என்றார் இராம் மனோகர் லோகியா. அந்தப் பிளவில் கட்சியே உடைந்தது. மூணாற்றுக்காகத் தொடங்கிய கிளர்ச்சியில் குருதி சிந்தியவை தென் வட்டங்கள். முடிவில் அவை கேட்டது கிடைத்தது, மூணாற்றுக்குக் கிடைக்கவில்லை. எல்லைப் போராட்ட வரலாற்றைப் பேசுவோர் அதிகம் தங்காமல் கடந்துபோகும் இடம் இது.

ஃபசல் அலி தலைமையில் எச்.என். குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் அடங்கிய மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30 அன்று அறிக்கை தந்தது. நான்கு தென் வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. தேவிகுளம், பீர்மேட்டை அவ்வாறு பரிந்துரைக்கவில்லை. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோர் சுமார் 72 விழுக்காடு, பீர்மேட்டில் சுமார் 44 விழுக்காடு என்பது ஆணையத்தின் முன்னிருந்த கணக்கு. பீர்மேட்டைப் பொறுத்தவரை எண்ணிக்கையே தமிழர் கோரிக்கைக்கு முழுத்துணை செய்யவில்லை. தேவிகுளத்திலோ எண்ணிக்கை போதுமானதாக இருந்தும் வேறு காரணங்கள் அதை விஞ்சின. மக்கள் நெருக்கம் மிகுந்த திருவிதாங்கூருக்கு இந்த மேட்டுநிலமும், 1940-இல் பள்ளிவாசலில் தொடங்கிய நீர்மின் உற்பத்தியும், தோட்ட வருவாயும் இன்றியமையாதவை என்பது ஒன்று. தமிழரில் பெரும்பகுதியினர் வேலைக்கு வந்து போகும் தொழிலாளர்கள், நிலைகுடிகள் அல்லர் என்பது இன்னொன்று.

இந்த இரண்டாவது வாதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அங்கேயே மணமுடித்து, அங்கேயே பிள்ளை பெற்ற ஒருவர் எத்தனை தலைமுறை கழித்து நிலைகுடி ஆவார் என்பதற்கு அன்று எந்த விதியும் இல்லை. சொந்த நிலம் இல்லாததால் அவர் வந்துபோகிறவர் ஆனார்.  வேலை முடிந்தால் லயத்தை விட்டுப் போக வேண்டும் என்பதே அவருடைய வாழ்க்கை ஏற்பாடு. அந்த ஏற்பாட்டையே காரணம் காட்டி அவருடைய விருப்பத்தின் எடையைக் குறைத்தது நியாயமல்ல. அதே சமயம், போடியில் வீடும் வாக்கும் வைத்துக்கொண்டு பருவத்துக்கு மட்டும் மலையேறியவர்களும் உண்மையாகவே இருந்தார்கள். இருவரையும் பிரித்து எண்ணும் வேலையை யாரும் செய்யவில்லை. அதைச் செய்திருந்தால் விடை எப்படி வந்திருந்தாலும், இன்றுள்ள மனக்குறையில் பாதி இருந்திருக்காது.

தமிழகத் தலைமை இதில் உறுதியாக நின்றதா என்பது தனி வழக்கு. குளமாவது மேடாவது, எல்லாம் இந்தியாவில்தானே இருக்கிறது என்று காமராசர் சொன்னதாக ஒரு பேச்சு தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் சேர்த்து இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. பழியாக எடுத்துரைப்போரும் உண்டு, தேச ஒற்றுமைக்குச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. இந்திய அரசியல் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி எல்லையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துடையது. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், ஒப்புதல் தேவையில்லை. அங்கே வாழும் மக்களிடம் வாக்குக் கேட்கும் வழி அச்சட்டத்தில் இல்லவே இல்லை. ஆகவே 1952, 1954 தேர்தல்கள் எவ்வளவு தெளிவாகப் பேசியிருந்தாலும் சட்டத்தின் காதில் அவை விழ வேண்டியதில்லை.

ஒரு தேர்தலை எல்லை வாக்கெடுப்பாகப் படிப்பதில் உள்ள இடரை அதே தேவிகுளம் அடுத்த நான்கே ஆண்டுகளில் காட்டிவிட்டது. 1956-க்குப் பின் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தன் வேலை முடிந்ததெனக் காங்கிரஸில் கரைந்தது. மலைத்தமிழருக்கென எல்லையைப் பேசும் கட்சி எஞ்சவில்லை. 1957-இல் கேரளத்தின் முதல் சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார். காங்கிரஸைச் சேர்ந்த பி.கே. நாயரின் வேட்புமனு தவறாகத் தள்ளப்பட்டது என்ற வழக்கில் அந்தத் தேர்தல் செல்லாமல் போனது. 1958-இல் அதே மலையில் அதே மக்கள் மறுபடி வாக்களித்தார்கள். மிகக் குறுகிய பெரும்பான்மையில் நின்ற இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசின் கதியே இதில் தொங்குகிறது என்று நாடு பார்த்த இடைத்தேர்தல் அது. கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் மலையேறி வந்து, தோட்டம் தோட்டமாகத் தமிழில் பாடி வாக்குக் கேட்டார். ரோசம்மா புன்னூஸ் முன்னைவிடக் கூடுதல் வாக்கு வேறுபாட்டில் வென்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டோடு சேர வாக்களித்ததாகச் சொல்லப்பட்ட தொழிலாளர்கள், இப்போது ஒரு மலையாளப் பெண்ணை, தமிழ்ப் பாட்டைக் கேட்டுக்கொண்டு, கேரள அரசைக் காக்கத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லை குறித்து அவர்கள் மனம் மாறியதாக இதற்குப் பொருளில்லை. கேள்வி வேறு, விடை வேறு, அவ்வளவுதான். கூலியும் சங்கமும் அவர்களுக்கு எல்லைக்கு முன்னால் நின்றன.

இதற்கிடையே மலையின் மக்கள்தொகையே மாறத் தொடங்கியிருந்தது. 1955 முதல் திருவிதாங்கூர்–கொச்சி அரசு மலைக் குடியேற்றத் திட்டத்தின் கீழ் சமவெளி மலையாளக் குடும்பங்களுக்கு நிலம் தந்தது. நெடுங்கண்டம் பக்கத்தில் பட்டம் காலனி என்ற பெயரே அந்தக் காலத்தைச் சொல்லும். தமிழ் எண்ணிக்கையைக் குறைக்கவே இது செய்யப்பட்டது என்று தமிழ்த் தரப்பு குற்றம் சாட்டுகிறது. நிலமற்ற ஏழைக்கு நிலம் என்பது மறுதரப்பின் விளக்கம். இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். எந்த நோக்கத்தில் வந்தவராயினும், அட்டைக்கடியிலும் யானைப் பயத்திலும் காட்டைத் திருத்தியவரின் பேரன் இன்று அந்த மண்ணின் பிள்ளை. தோட்டத் தமிழருக்கு மறுக்கப்பட்ட அந்த உரிமையை இவருக்கு நாம் மறுக்கக் கூடாது. பின்னர் தேவிகுளத்திலிருந்து உடும்பஞ்சோலை வட்டம் பிரிந்தது. 1972 ஜனவரி 26 அன்று இடுக்கி மாவட்டம் உருவானது. மாவட்டம் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டால் மலையாளம் பேசுவோரே பெரும்பான்மை. மூணாற்றுத் தோட்டங்களை மட்டும் எடுத்தால் தமிழர். மறுபடி வாக்குக் கேட்பது என்றால் எந்த அலகில் கேட்பது என்பதிலேயே முடிவு அடங்கிவிடுகிறது.

முடிந்த எல்லையை மறுபடி பார்க்கவே கூடாது என்று சொல்வதற்கும் இந்திய வரலாறு இடந்தரவில்லை. திருத்தணி 1953-இல் ஆந்திரத்தோடு போனது. ம.பொ. சிவஞானம் முன்னின்ற போராட்டத்துக்குப் பின், படாஸ்கர் தீர்ப்பின்படி கிராமத்தை அலகாகவும் மொழிப் பெரும்பான்மையை அளவுகோலாகவும் வைத்து, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்துக்குத் திரும்பியது. மகாராட்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் இடையிலான பெல்காம் வழக்கோ மகாஜன் ஆணையத்தையும் கடந்து, 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. பஞ்சாப்–ஹரியாணா பிணக்கில் கந்துகேரா என்ற ஒரே கிராமத்தின் மொழியை அறிய 1986-இல் வீடுவீடாகக் கணக்கெடுத்தார்கள். இவற்றில் திருத்தணி மட்டுமே தீர்ந்தது. முன்கூட்டி ஒப்புக்கொண்ட அளவுகோல் ஒன்று அங்கே இருந்ததும், இரு மாநிலங்களும் அதற்கு உடன்பட்டதும்தான் காரணம்.

நேரடி வாக்கெடுப்புக்கு இந்தியாவில் நல்ல எடுத்துக்காட்டு கோவா. மகாராட்டிரத்தோடு இணைவதா, ஒன்றியப் பகுதியாக நீடிப்பதா என்று 1967 ஜனவரி 16 அன்று மக்களிடம் கேட்கப்பட்டது. இணைப்பை ஆதரித்த முதல்வர் தயானந்த் பந்தோட்கரின் அரசு வாக்கெடுப்புக்கு முன்பே பதவி விலகியது. பம்பாயில் வாழ்ந்த கோவா மக்களும் வாக்களிக்க வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1,72,191 வாக்குகள் தனித்து நிற்கவும் 1,38,170 வாக்குகள் இணையவும் விழுந்தன. தோற்ற தரப்பு சிறு கூட்டம் அல்ல, கோவாவின் பாதிக்குச் சற்றே குறைந்த பகுதி. ஆனாலும் கேள்வி தெளிவாகவும், வாக்காளர் யார் என்பது முன்கூட்டியே முடிவானதாகவும் இருந்ததால் முடிவு நிலைத்தது.

மறுபடி கேட்பதில் உலகம் ஒரே வழியில் நடக்கவில்லை. அயர்லாந்து 2001-இல் நீஸ் ஒப்பந்தத்தை மறுத்து 2002-இல் ஏற்றது. 2008-இல் லிஸ்பன் ஒப்பந்தத்தை மறுத்து 2009-இல் ஏற்றது. வேண்டிய விடை வரும்வரை கேட்கிறார்கள் என்ற கசப்பு அங்கே மிஞ்சியது. கியூபெக் 1980-இல் பிரிவினையை மறுத்து, 1995-இல் மீண்டும் மறுத்தது. இரண்டாம் முறை வேறுபாடு ஒரு விழுக்காட்டு அளவே. பிரிட்டனில் 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற 51.9 விழுக்காட்டினர் வாக்களித்தபின், மறுவாக்கெடுப்பு கோரி இலண்டன் தெருக்களில் பெருந்திரள் கூடியது. அப்படி ஒரு வாக்கெடுப்பு நடக்காமலே 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது. வட அயர்லாந்துக்கு மட்டும் 1998 ஒப்பந்தத்தில் ஒரு நல்ல விதி உண்டு. எல்லை குறித்து ஒருமுறை வாக்கெடுத்தால் அடுத்ததற்கு ஏழு ஆண்டுகளாவது இடைவெளி வேண்டும். ஒரு முடிவு எவ்வளவு காலம் கட்டுப்படுத்தும் என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டது அந்த விதி.

தமிழருக்கு இன்னும் அருகில் உள்ள பாடம் இலங்கையுடையது. 1987 ஜூலை 29 ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்து, 1988 டிசம்பர் 31-க்குள் கிழக்கு மக்களிடம் வாக்கெடுப்பு நடக்கும் என்றது. ஆண்டுதோறும் அது தள்ளிப்போடப்பட்டது. 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த இணைப்பே செல்லாது என்று சொன்னபோது, கேட்பதாகச் சொன்ன கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. மறுபுறம், 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் மேல் 2009, 2010 ஆண்டுகளில் நார்வே, கனடா, பிரிட்டன் முதலிய நாடுகளில் புலம்பெயர் தமிழர் தாங்களே வாக்கெடுப்பு நடத்தினார்கள். அந்த வாக்குகள் உணர்வை உலகுக்குச் சொல்லின. எந்த அரசையும் கட்டுப்படுத்தவில்லை. தீவில் வாழ்வோரால் அதில் வாக்களிக்கவும் முடியவில்லை.

ஏலமலைக்குக் கேள்வி மீண்டும் சூடாக வந்தது 2011 டிசம்பரில். முல்லைப் பெரியாறு அணையின் பாதுகாப்பைப் பற்றிய பூசல் உச்சத்தில் இருந்தது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழிகள் அடைபட்டன. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பல்லாயிரம் பேர் குமுளியை நோக்கி நடந்தார்கள். காய் எடுப்பு முடியாத பருவம் அது. உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள், அச்சுறுத்தல்களுக்கு அஞ்சிப் பிள்ளைகளோடும் மூட்டை முடிச்சோடும் போடிக்கு இறங்கின. தேனி மாவட்டத்தில் மலையாளிகளின் கடைகளும் தோட்டங்களும் தாக்கப்பட்டன. அந்த நாட்களில் மூணாற்றில் தமிழர் ஊர்வலமாகச் சென்று தமிழகத்தோடு இணைப்புக் கேட்டார்கள். 1956-இல் அடங்கியதாக நினைத்த முழக்கம் அதே தெருவில் கேட்டது.

முழக்கம் அணைப் பூசலுக்கு ஓர் எதிர் ஆயுதமாகப் பயன்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நீங்கள் அணையைக் கேட்டால் நாங்கள் மலையைக் கேட்போம் என்ற பேச்சு சமவெளி மேடைகளில் கைதட்டு வாங்கியது. விலை கொடுத்தவர் மேடையில் இருந்தவரல்லர். மறுநாள் மலையில் வேலைக்குப் போக வேண்டியிருந்தவர். அணையைப் பொறுத்தவரை, 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு, அணையின் நீர்மட்டத்தை மட்டுப்படுத்திய கேரளச் சட்டத்தைச் செல்லாதென்று கூறி, 142 அடி நீர்மட்டத்தை உறுதி செய்தது. எல்லையைத் தொடாமலே கம்பம் பள்ளத்தாக்கின் தண்ணீர் உரிமை காக்கப்பட்டது.

எல்லை முழக்கம் ஓய்ந்தபின் மலைத்தமிழர் தாங்களாகவே என்ன கேட்டார்கள் என்று பார்த்தால் படம் தெளிவாகும். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழர், எல்லாத் தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவிட்டுப் பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் சாலையில் அமர்ந்தார்கள். 20 விழுக்காடு போனசும் 500 ரூபாய் நாட்கூலியும் கேட்டார்கள். போனசைப் பெற்றே எழுந்தார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. 70 பேர் மாண்டனர். மூன்று தலைமுறை உழைத்தும் சொந்த மண்ணில் சொந்த வீடு இல்லாததன் பொருள் அன்று நாட்டுக்குத் தெரிந்தது.

மறுபடி மக்களிடம் கேட்க வேண்டும் என்பது தன்னளவில் தவறான கோரிக்கை அல்ல. 1956-இல் கேட்காமல் விட்டது பிழை. அந்தப் பிழையைச் சுட்டுவோரைப் பிரிவினைவாதிகள் என்பது அதைவிடப் பெரிய பிழை. ஆனால் வாக்காளர் யார், அலகு எது, முடிவு எத்தனை ஆண்டு கட்டுப்படுத்தும் என்று இரு மாநிலங்களும் முன்கூட்டி உடன்படாமல் எழுப்பும் கோரிக்கை, லயத்தில் இருப்பவருக்கு அச்சத்தை மட்டுமே தருகிறது. அவருடைய வீட்டுமனைக்கும், பிள்ளைகளின் தமிழ்வழிக் கல்விக்கும், கூலிக்கும் எல்லை மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவற்றைத் திருவனந்தபுரத்திடம் இன்றே கேட்கலாம். சென்னையும் அவருக்காகக் கேட்கலாம். போடியில் இருந்து இதைப் பேசுவோர் முதலில் மேலே இருப்பவரைக் கேட்டுவிட்டுப் பேச வேண்டும். எந்த மாநிலத்தில் இருக்க விரும்புகிறாய் என்ற கேள்வி அச்சிட்ட வாக்குச்சீட்டு, 1956-க்கு முன்னும் சரி பின்னும் சரி, இம்மலையில் ஒருவர் கையிலும் ஒருமுறைகூடத் தரப்படவில்லை.